ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் கட்டலாமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பு வரை கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படித்து, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. மெஷினில் வேலை பார்க்கிறார். கோயம்புத்தூரில் உள்ள ஒரு ஏஜென்ட், இங்கிலாந்தில் ஸ்பான்சர்ஷிப்போடு வேலை இருப்பதாகவும், மொத்தம் 14 லட்சம் ஆகும் என்றும் சொல்லி, 1 லட்சம் முன்பணம் வாங்கியிருக்கிறார். மீதிக்கு அப்பா நிலத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார், கட்டலாமா என்பது கேள்வி. வந்த ஆஃபர் லெட்டரையும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, கட்டாதீர்கள். நிலத்தின் பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஏன் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி சித்தூரிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டேயிருக்கிறது.

முதலில் ஸ்பான்சர்ஷிப் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கிலாந்தில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க விரும்பும் நிறுவனம், அந்நாட்டு உள்துறையிடம் ஸ்பான்சர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம், இந்தியாவில் இருக்கும் ஒருவரை எடுப்பதாக இருந்தால், இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று விவரம் காட்டி, அந்த ஒரு பணியிடத்துக்காகவே உள்துறையிடம் தனியாக விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த பிறகுதான் சி.ஓ.எஸ். எனப்படும் ஸ்பான்சர்ஷிப் சான்றை ஒதுக்க முடியும். அது பெயருக்குத்தான் சான்று. உண்மையில் உள்துறையின் கணினியில் ஏறும் ஒரு பதிவும், அதற்குரிய ஒரு எண்ணும்தான். அந்த எண் வந்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஆகவே, "என் கையில் நாலைந்து சி.ஓ.எஸ். இருக்கிறது, முதலில் பணம் கட்டுகிறவருக்குத் தருவேன்" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால், அந்தப் பேச்சே நடைமுறைக்கு ஒவ்வாதது. யாருக்கு என்று தெரியாமல் முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல அது.

அடுத்தது செலவு. சி.ஓ.எஸ். ஒதுக்குவதற்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் 525 பவுண்டு. அதற்கு மேல் திறன் கட்டணம் என்று ஒன்று உண்டு. பெரிய நிறுவனமானால் அது ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டும். இந்த இரண்டும் முதலாளி கட்ட வேண்டியவை. திறன் கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பது நெடுநாள் விதி; 2024 டிசம்பர் 31 முதல் ஒதுக்கப்படும் சி.ஓ.எஸ். கட்டணத்தையும் உரிமச் செலவையும்கூட வசூலிக்கக் கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். மீறினால் நிறுவனம் உரிமத்தையே இழக்க நேரிடும். உங்கள் பங்கு என்பது விசா கட்டணம், ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முன்கூட்டியே கட்டும் சுகாதாரக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு, விமான டிக்கெட் ஆகியவைதான். இவற்றையெல்லாம் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 14 லட்சம் வராது. மிச்சப் பணம் யாருக்குப் போகிறது என்று அந்த ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டருக்கு வருகிறேன். அதில் ஆண்டுச் சம்பளம் 31,200 பவுண்டு என்று இருக்கிறது. 2025 ஜூலை 22 முதல், ஸ்பான்சர்ஷிப்போடு போகும் திறன் தொழிலாளிக்கு உரிய ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர், தனிச் சம்பளப் பட்டியலில் உள்ள தொழில் செய்பவர் போன்ற சிலருக்குச் சலுகை உண்டு என்றாலும், அந்தச் சலுகை வரம்பே 33,400 பவுண்டு. மருத்துவத் துறைக்கும் கல்வித் துறைக்கும் வேறு கணக்கு இருக்கிறது. உங்கள் மெஷின் வேலை அவற்றில் சேராது. அப்படியென்றால் இந்தக் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனாலும் விசா கிடைக்காது. கடிதத்தின் தேதி ஜூலைக்குப் பிந்தையது. உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் அலுவலருக்கு இந்த வரம்பு தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அதே கடிதத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அழகாக அச்சாகியிருக்கின்றன. ஆனால் தொடர்பு மின்னஞ்சல் ஜிமெயிலில் முடிகிறது. அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு நிறுவனம் இருக்கலாம், அதற்கு உரிமமும் இருக்கலாம். மோசடி செய்கிறவர்கள் பெரும்பாலும் இல்லாத நிறுவனத்தின் பெயரைப் போடுவதில்லை. இருக்கும் நிறுவனத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை இங்கிலாந்து அரசு தன் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஊர், தரம், எந்த வகை விசாவுக்கு உரிமம் என்ற விவரங்களும் இருக்கும். அதில் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. அந்நாட்டு நிறுவனப் பதிவேடான கம்பெனீஸ் ஹவுஸில் தேடி, நிறுவனம் எப்போது தொடங்கியது, என்ன தொழில் செய்கிறது, இன்றும் இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி, "இந்தக் கடிதம் உங்களுடையதா?" என்று கேளுங்கள். கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் பேசினால் ஏஜென்டின் ஆள்தான் எடுப்பார்.

சம்பளத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதே ஜூலை 22 முதல், இங்கிலாந்து தன் விசாவைப் பட்டப்படிப்பு நிலைத் தொழில்களுக்கு என்று உயர்த்திவிட்டது. உங்களிடம் பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்கப் போகும் வேலை அந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பட்டறையில் கையால் செய்யும் தொழில்களில் பெரும்பாலானவை இதனால் வெளியே போய்விட்டன. தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியல் என்று ஒன்றில் சில தொழில்களை 2026 இறுதி வரை வைத்திருக்கிறார்கள். அதில் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. உங்கள் வேலைக்கு உரிய குறியீடு என்ன, அது இன்றைய பட்டியலில் இருக்கிறதா என்பதை ஏஜென்டின் வாயால் கேட்காமல், அரசுத் தளத்தில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையும் அன்றே நிறுத்திவிட்டார்கள். கேரளத்திலிருந்து போன எத்தனையோ பேர் லட்சக்கணக்கில் கொடுத்துப் போய், நிறுவனத்தின் உரிமம் ரத்தானதும் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேடு, இல்லையேல் நாடு திரும்பு என்ற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். இதை அறிந்தும் இன்றும் நம் பக்கத்துக் கடைத்தெருக்களில் பராமரிப்பு வேலைக்கு நோட்டீஸ் ஒட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்படியானால் உங்களுக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்களைப் போன்ற மெஷின் தொழிலாளிக்கு நான் ஜெர்மனியைத்தான் பார்க்கச் சொல்வேன். அங்கே ஸ்பான்சர் உரிமம் என்ற ஏற்பாடே கிடையாது. வேலை ஒப்பந்தமும், முதலாளி நிரப்பித் தரும் வேலை விவரப் படிவமும், உங்கள் தகுதியும்தான் பேசும். உங்கள் டிப்ளமோவை அங்குள்ள தொழிற்பயிற்சியோடு ஒப்பிட்டு அங்கீகாரம் பெறலாம்; தொழில்துறை வேலைகளுக்கு இதைச் செய்யும் அலுவலகம் நியூரம்பெர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா. முழு அங்கீகாரம் கிடைக்காவிட்டால் என்ன குறை என்று எழுதியே தருவார்கள், அதை அங்கே போய் ஈடுசெய்யவும் வழி உண்டு. அங்கீகாரம் இல்லாமல் போவதற்கும் 2024 மார்ச்சிலிருந்து ஒரு பாதை திறந்திருக்கிறது: நம் நாட்டு அரசு ஏற்ற, குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு, கடைசி ஐந்தாண்டுக்குள் இரண்டாண்டு அனுபவம், 2026-இல் ஆண்டுக்கு 45,630 யூரோ சம்பளம். தொழிற்சங்கத்தோடு கூட்டு ஊதிய ஒப்பந்தம் உள்ள நிறுவனமானால் சம்பள விதி தளரும். மொழி பற்றி இந்தப் பாதையில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், வேலைத்தளத்தில் ஜெர்மன் பேசாமல் ஒரு நாளும் ஓடாது. கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் கேதே மையங்கள் இருக்கின்றன. 14 லட்சத்தில் ஒரு சிறு பகுதியை ஒரு வருட மொழிப் படிப்புக்குச் செலவழித்தால், அந்தப் படிப்பை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது.

அமெரிக்காவின் எச்-1பி வேலை விசா உங்களுக்குப் பொருந்தாது, அது பட்டப்படிப்பு வேலைகளுக்கானது. வளைகுடாவில் ஸ்பான்சர் என்பவர் வேறு மாதிரி. அங்கும் ஆள் எடுக்கும் செலவு முதலாளியைச் சேர்ந்தது என்றே ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டம் சொல்கிறது.

எந்த நாடாக இருந்தாலும் எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை மற்ற ஊர்க்காரர்கள் சொல்லித் தர மாட்டார்கள். உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. கேரளத்தினுடையது, டிப்ளமோ தமிழ்நாட்டினுடையது. சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு முத்திரையிடும் அட்டஸ்டேஷன் கேட்கும் நாடானால், எந்த மாநிலம் வழங்கியதோ அந்த மாநிலத்தில்தான் முதல் முத்திரை வாங்க வேண்டும். நீங்கள் கேரளத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதற்காகத் தமிழ்நாட்டு டிப்ளமோவை, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்காவிடம் கொண்டுபோனால் வேலை ஆகாது. அதற்குச் சென்னைப் பக்கம்தான் போக வேண்டும். செவிலியர்களுக்கும் இதே கதைதான். கோவையில் படித்துத் தமிழ்நாடு கவுன்சிலில் முதலில் பதிந்தவர், பாலக்காட்டில் வேலை பார்த்தாலும், வெளிநாட்டுக்குப் போகும் சரிபார்ப்புக் கடிதத்துக்கு இரண்டு கவுன்சிலையும் கேட்க வேண்டி வரும்.

பெயரையும் பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் வீட்டுப்பெயரின் முன்னெழுத்து, டிப்ளமோவில் அப்பா பெயரின் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுதிய முழுப்பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது நம் பக்கம் சாதாரணம். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று சொல்லும் ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட்டைக் கிராம அலுவலகம் வழியாக வாங்கி வையுங்கள். சில இடங்களில் அது போதும், போதாத இடங்களில் சான்றிதழையே திருத்த வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால் வேலை தேடத் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

அனுபவச் சான்றில்தான் கஞ்சிக்கோட்டுத் தம்பிகள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை பெரிய தொழிற்சாலையில், ஆனால் சம்பளம் தருவது கான்ட்ராக்டர், பி.எஃப். கணக்கிலும் கான்ட்ராக்டரின் பெயர்தான் ஏறியிருக்கும். தொழிற்சாலைச் சூப்பர்வைசர் அன்போடு தந்த கடிதத்தில் தொழிற்சாலை பெயர் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆகவே கான்ட்ராக்டரிடமே கடிதம் வாங்குங்கள். எந்தத் தொழிற்சாலையில், எந்த மெஷினில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் எழுதச் சொல்லுங்கள். புரோகிராம் எழுதுவீர்களா, செட்டிங் செய்வீர்களா, வெறும் ஆபரேட்டரா என்பதும் இருக்கட்டும், ஏனென்றால் தகுதியை எடைபோடும்போது இந்த வேறுபாடு பெரிது.

கடைசியாக, கொடுத்துவிட்ட அந்த 1 லட்சம். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அப்படிப் பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, ரசீது கொடுத்து வாங்கலாம். உங்கள் ஏஜென்ட் பதிவு பெறாதவரானால் வாங்கியதே குற்றம். பெற்றவரானால் வாங்கிய தொகை குற்றம். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, அந்த ஆஃபர் லெட்டர் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். அசல் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள், பணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். தரவில்லையென்றால் கொச்சியிலோ சென்னையிலோ உள்ள, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் காக்கும் மத்திய அரசின் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், நோர்க்காவுக்கும் புகார் அனுப்புங்கள். போலி ஆள்சேர்ப்பைத் தடுக்கக் கேரளக் காவல்துறையும் நோர்க்காவும் குடியேற்றப் பாதுகாவலரும் சேர்ந்து ஆபரேஷன் சுபயாத்திரா என்ற நடவடிக்கையை நடத்துகிறார்கள். உள்ளூர் காவல் நிலையத்தில், "சம்பவம் கோயம்புத்தூரில் நடந்தது, வாளையாரைத் தாண்டிப் போய்ப் புகார் கொடு" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.