லேப் வந்தது சரி, பேட்டரிக்கு யார் பணம் தருவார்கள்?

வணக்கம் நேயர்களே. கடலூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு அரசு கொடுக்கிற பணத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பணமே வருவதில்லை என்று சொன்னால் அது பொய். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்‌ஷாவில், ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் அமைக்க 6.40 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதை நடத்த வருஷத்துக்கு 2.40 லட்சம் வரை, அதுவும் 5 வருஷத்துக்கு மட்டும். மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. சட்டமன்றம் இருக்கிற யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்கும் இதே கணக்குதான். பி.எம்.ஸ்ரீ, அதாவது சில பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசுத் திட்டம், அதன் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான பணம் சுமார் 2,150 கோடி நின்று, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரியும். அந்த அரசியலுக்குள் போனால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும், விடுங்கள்.

என் கவலை அந்த 5 வருஷத்துக்கு அப்புறம் என்ன என்பதுதான்.

தேவனாம்பட்டினம், ராசாப்பேட்டை மாதிரி கடலோரத்தில் இருக்கிற ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் இருக்கிற மூலையில் குனிந்து பார்த்தால் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும், சிபியு பின்னால் இருக்கிற திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் துருவேறிய தலை மட்டும் கையோடு வரும், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, மூடினால் புழுக்கத்தில் மெஷின் சூடாகிறது. கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்களில் மூன்று நாலு வருஷம் உழைக்கிற பேட்டரி இங்கே அதற்கும் முன்னாலேயே படுத்துவிடும். பேட்டரி போனால் கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் எல்லா மெஷினும் பொசுக்கென்று அணையும், அப்படியே அடிக்கடி அணைந்தால் ஹார்ட் டிஸ்க்கும் போகலாம்.

அதை மாற்றப் பணம்? பள்ளி மானியம் என்று ஒன்று வரும். 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை என்றால் 50 ஆயிரம், அதற்கு மேலே ஆயிரம் பேர் வரை 75 ஆயிரம். அதில் 10 சதவீதம் சுகாதாரத்துக்குப் போக, மிச்சத்தில்தான் சாக்பீஸ், பல்ப், தண்ணீர்க் குழாய், உடைந்த பெஞ்ச் எல்லாம். இதில் பேட்டரி செட்டுக்கு எங்கே போவது? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

லேப்புக்கு 20 மெஷின் தருகிற இடத்தில் 15 கொடுங்கள், மிச்சப் பணத்தைப் பராமரிப்புக்கென்று தனியாகப் போடுங்கள் என்பேன் நான். எண்ணிக்கை குறைந்தால் திறப்பு விழாவில் பார்க்க நன்றாக இருக்காதுதான். கடலோர மாவட்டங்களுக்குக் கூடுதலாக ஒரு தொகையும் வேண்டும். மலைப் பகுதிக்குத் தனிக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. இருந்தும் லேப்பைத் தரைத்தளத்தில் வைத்து, ஸ்விட்ச் பாக்ஸை முழங்கால் உயரத்தில் மாட்டுகிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: எத்தனை மெஷின் ஓடுகிறது, பேட்டரி எப்போது மாற்றியது, அந்த 5 வருஷம் எந்த மாதம் முடிகிறது. தலைமை ஆசிரியர் கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பதிலோடு சேர்த்துத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் அவரும் மேலே பணம் கேட்க முடியும்.