418 படி ஏறி ஓலசுண்ட் ஊரைப் பார்த்தேன்

வணக்கம் மக்களே. நார்வேயின் மேற்குக் கடற்கரையில் ஓலசுண்ட் என்ற ஊரில் இருக்கிறேன். இப்போது இரவு ஒன்பதரை மணி. ஜூன் மாதம் என்பதால் வெயில் இன்னும் போகவில்லை.

நான் நிற்பது நகரப் பூங்கா. அக்ஸ்லா மலைக்குப் படிகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மொத்தம் 418. ஏறுவதற்கு முன் கீழே தெருக்களைச் சுற்றிவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏன் என்று மேலே போய்ச் சொல்கிறேன்.

பாதி ஏறியாயிற்று. ஒரே மூச்சில் ஏற வேண்டாம். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று பாருங்கள், ஊர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விரிகிறது.

சரி, வந்துவிட்டோம். கேமராவைத் திருப்புகிறேன்... பார்த்தீர்களா! இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒடுங்கிய நிலத்தில் நெருக்கி நெருக்கி வீடுகள். ஊரே தீவுகளின் மேல்தான் இருக்கிறது. குறுக்கே தெரிகிற நீர், புரூசுண்டெட் கால்வாய். அதைத் தாண்டி இருப்பது அஸ்பயா தீவு.

அந்தத் தீவில் ஒரு தொழிற்சாலையில் 1904 ஜனவரி 23 அதிகாலை தீப்பிடித்தது. அன்று புயல்காற்று. வீடுகள் எல்லாம் மரம். இங்கிருந்து பார்க்கும்போதுதான் புரிகிறது, இவ்வளவு ஒடுங்கிய ஊரில் காற்றோடு வருகிற தீ எங்கே நிற்கும்? சுமார் 850 வீடுகள் எரிந்து, ஏறக்குறைய 10,000 பேர் நடுக்குளிரில் வீடில்லாமல் நின்றார்கள். ஆனால் உயிரிழந்தவர் ஒரே ஒருவர். அத்தனை பேரும் இருட்டில் எப்படித் தப்பித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கோடைதோறும் நார்வேயின் ஃபியோர்டுகளுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் கடல் நுழைவுகளுக்கு வந்துபோன ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம், உடனே கப்பல்களில் உதவிப் பொருள்கள் அனுப்பினார். அவர் பெயரில் இங்கே ஒரு தெருவே இருக்கிறது. அப்புறம், இனி மர வீடு கூடாது என்று முடிவு செய்து, கல்லிலும் செங்கல்லிலும் 1907 வாக்கில் ஊரைப் பெரும்பாலும் எழுப்பிவிட்டார்கள். மூன்றே ஆண்டு! அப்போது புதிதாக வந்திருந்த, பூவும் கொடியுமாக வளைந்த அலங்காரங்கள் கொண்ட ஆர்ட் நூவோ என்ற கட்டடப் பாணியில்.

கீழே சுற்றிவிட்டு வரச் சொன்னது இதற்குத்தான். இங்கிருந்து பார்த்தால் எல்லாக் கூரையும் ஒரே கை வரைந்தது போல இருக்கிறது. தெருவிலோ ஒரு வாசலில் பூவேலைப்பாடு, அடுத்ததில் வேறொன்று, மூலையில் ஒரு சின்னக் கோபுரம். அதைப் பார்க்காமல் மேலே வந்திருந்தால் அழகான ஊர் என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

அதோ, கால்வாய் ஓரம் தெரிகிறதா? அங்கே அன்னப்பறவை என்று பெயர் வைத்த பழைய மருந்துக்கடை இருக்கிறது. அந்தக் காலத்தில் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். நாளைக் காலை அதன் உள்ளே போகிறோம்.