ஆண்ட்ரஸ் அம்மையார் தட்டிய கதவுகள்

வணக்கம் நேயர்களே. முதியோருக்காகப் பாடுபட்ட ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ். அமெரிக்கர், 1884-இல் பிறந்தவர். இளம் வயதில் சிகாகோவில் பள்ளி வேலை முடிந்த கையோடு, ஏழைக் குடியேறிகளுக்கான ஹல் ஹவுஸ் போன்ற இல்லங்களில் தொண்டு செய்தார். 1916-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லிங்கன் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். அந்தப் பொறுப்புக்குப் பெண்கள் வராத காலம் அது. 28 ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு 1944-இல் ஓய்வு பெற்றார். நாம் பேச வேண்டிய கதை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

கலிபோர்னியாவின் ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தில் நலப் பணிப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். யார் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. அப்படி ஒரு வயதான ஆசிரியையைத் தேடிப் போனார். சொன்ன முகவரியில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். பிறகு யோசித்து, “பின்னால் ஒரு கிழவி இருக்கிறாளே, அவளைக் கேட்கிறீர்களா?” என்றார்கள். பின்கட்டில் இருந்தது ஒரு கோழிக்கூண்டு. ஒரு காலத்தில் ஸ்பானிய மொழி ஆசிரியையாக நல்ல பெயர் எடுத்தவர் அதற்குள் குடியிருந்தார். மாதம் 40 டாலர் அளவிலான ஓய்வூதியத்தில் வேறு எங்கே போவது?

இப்படி ஒருவரைப் பார்த்தால் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கையில் இருப்பதைக் கொடுப்போம், ஒரு நல்ல இடம் பார்த்துச் சேர்த்துவிடுவோம். அதில் தப்பே இல்லை. ஆண்ட்ரஸ் அதோடு நிற்கவில்லை என்பதால்தான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஓய்வூதியம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாலே ஆசிரியர் வாழ்நாள் சேமிப்பு கரைந்துவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. 1947-இல் நாடு முழுவதும் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். அப்புறம் காப்பீட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டப் புறப்பட்டார்.

ஒன்றிரண்டு இல்லை, 40-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முடியாது என்று சொல்லிவிட்டன. அவர்கள் கணக்கு இதுதான்: 65 வயது தாண்டியவருக்கு நோய் வரத்தான் போகிறது, பாலிசி கேட்டு வருபவரும் அனேகமாக நோயாளியாகத்தான் இருப்பார், கட்டுப்படியாகாது. ஆண்ட்ரஸ் வேறு கணக்குப் போட்டார். தனி ஆளாக வந்தால் நீங்கள் பயப்படுவது சரி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்தால் அதில் திடகாத்திரமானவர்களும் இருப்பார்கள். எல்லோரும் மாதாமாதம் கட்டும் பிரீமியத்தில் சிலருடைய ஆஸ்பத்திரிச் செலவைச் சமாளிக்கலாம் இல்லையா? தலைமை ஆசிரியை அல்லவா, ‘இல்லை’ என்ற பதிலை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் நியூயார்க் மாநிலத்தில் லெனார்ட் டேவிஸ் என்ற காப்பீட்டு முகவர் கிடைத்தார். 1956-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 65 வயதானவர்களுக்கு அரசு மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1965-இல்தான், அதாவது 9 ஆண்டு கழித்து.

ஆசிரியர்களுக்குக் கிடைக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை என்று மற்றவர்களும் கேட்டார்கள். அதனால் 1958-இல் ஓய்வு பெற்ற எல்லோருக்குமான சங்கம் பிறந்தது. ஏ.ஏ.ஆர்.பி. என்று இன்று அறியப்படுவது அதுதான். அடுத்த ஆண்டே தபாலில் மருந்து அனுப்பும் சேவையையும் தொடங்கினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் கட்டிக் காட்டிய ஒரு வீடு. 1961-இல் வாஷிங்டனில் முதுமை குறித்த வெள்ளை மாளிகை மாநாடு நடந்த சமயம், ‘சுதந்திர இல்லம்’ என்று ஒரு மாதிரி வீட்டை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான கதவுகள். வழுக்காத தரை. பிளக் பாயின்ட்கூடக் குனியாமல் எட்டும் உயரத்தில். முதுகு வலியோடு சுவரோரம் குனிந்து தடவிப் பார்த்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும். முதியவரை யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு பார்வை. வீட்டைச் சரியாகக் கட்டினால் அவரே பார்த்துக்கொள்வார் என்பது ஆண்ட்ரஸின் பார்வை.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. அவர் மறைவுக்குப் பிறகு, 1970-களில், காப்பீடு விற்பதற்குத்தான் சங்கமா என்ற கேள்வி பலமாக எழுந்தது. இந்தக் காப்பீட்டின் மூலம் டேவிஸ் பெரும் செல்வந்தராகியிருந்தார். கேள்வி நியாயமானதுதான், பின்னாளில் டேவிஸின் நிறுவனத்தோடு இருந்த தொடர்பையும் சங்கம் முடித்துக்கொண்டது. ஆனாலும் 1956-இல் வேறு யாருமே கதவைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

ஆண்ட்ரஸ் 1967-இல், 82 வயதில், பொறுப்பில் இருக்கும்போதே காலமானார். மறு ஆண்டு அவருடைய சங்கம், நான்கே நான்கு தன்னார்வலர்களோடு, முதியவர்களுக்கு வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பித் தரும் பணியைத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிரப்பித் தருபவர்களிலும் பலர் ஓய்வு பெற்றவர்கள்தான்.

நன்றி, வணக்கம்.