கோடு போட்ட பை

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் படிப்பை முடித்து வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகள் முன்னால், பிரசவத்தில் தாய் இழக்கும் ரத்தத்தைப் பற்றியும் பெண்ணுக்குச் சமத்துவம் என்பதைப் பற்றியும் பேசுகிறேன். அதனால் உலக மாநாடுகளின் தீர்மானங்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நேரே பிரசவ அறைக்குப் போய்விடலாம்.

குழந்தை பிறந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டதும் எல்லார் கண்ணும் அதன் மேல். துடைக்கிறோம், எடை போடுகிறோம், கதவைத் திறந்து உறவினர்களுக்குச் சொல்கிறோம். குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதிவைக்கிறோம். தாய்க்குக் கீழே துணி நனைந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு போயிருக்கும்? "வழக்கமானதுதான்" என்கிறார் ஒருவர். துணியில் ஊறியது, வாளியில் விழுந்தது, தரையில் வழிந்தது எல்லாவற்றையும் கண்ணாலேயே கூட்டி ஒரு கணக்கு. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். எத்தனை முறை குறைத்து எழுதினேனோ என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை கல் மாதிரி இறுக வேண்டும். அந்த இறுக்கம்தான் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை நெரித்து மூடும். தொளதொளவென்று கிடந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெண் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உலகத்தில் வருடத்துக்குப் பல்லாயிரம் பெண்கள் இப்படிப் போகிறார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா என நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். தாயின் இடுப்புக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போடுவார்கள். அதன் நுனி புனல் மாதிரி ஒரு பையாகத் தொங்கும், ரத்தம் அதில் சேரும். பாதி மருத்துவமனைகளில் அந்தப் பையில் அளவுக்கோடு இருந்தது, மீதியில் இல்லை. கோடு இருந்த இடங்களில், ரத்தம் எல்லைக் கோட்டைத் தொட்டதும் எல்லாச் சிகிச்சையும் ஒன்றாகத் தொடங்கியது: கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையை இறுகவைக்கும் ஆக்சிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், எங்கிருந்து கசிகிறது என்று பார்ப்பது. ஒன்றைச் செய்துவிட்டு 'பார்க்கலாம்' என்று காத்திருக்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். கோடு இல்லாத இடங்களில் 100 ரத்தப்போக்கில் 51தான் கண்டுபிடிக்கப்பட்டன. கோடு இருந்த இடங்களில் 93. ஒரு லிட்டரைத் தாண்டும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்க வேண்டி வருவது, அதனால் வரும் மரணம், இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 60 சதவீதம் குறைவு. ரத்தத்தைப் பையில் பிடித்து அளப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் ரத்தப்போக்கைத் தடுக்க மிசோபுரோஸ்டால் மாத்திரை கொடுத்த ஆய்வு 2006இல் வந்தது. அதிலேயே இப்படித்தான் அளந்தார்கள்.

சரி, அறைக்குள் வந்து சேர்ந்த பெண்ணை அளந்துவிட்டோம். வந்து சேராதவள்? தாய் இறப்பில் மூன்று தாமதங்கள் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சையில் தாமதம். கடைசி இரண்டுக்கும் ஆம்புலன்ஸ், கட்டடம், மருந்து என்று பணம் வருகிறது. முதல் தாமதம் வீட்டுக்குள் இருக்கிறது. வலி அவளுக்கு. முடிவு புருஷன் கையில், இல்லையென்றால் மாமியார் கையில். அவர் ஊரில் இல்லை, வரட்டும் என்கிறார்கள். சமத்துவம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நேரடியான பொருள், அந்த நேரத்தில் அவளே "வண்டியைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, வண்டி வருவதுதான்.

இதையும் அளக்க ஒரு வழி இருந்தது. உங்கள் உடல்நலம் பற்றி வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பெண்களிடமே கேட்கும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு 1984 முதல் சுமார் 90 நாடுகளில் நடந்தது. நமது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் அதே வழியில் வந்ததுதான். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இதற்கான நிதியை நிறுத்தியது. கேட்ஸ் அறக்கட்டளை இடைக்காலமாகக் கைகொடுத்தது. ஆனாலும் ஏழை நாட்டுப் பெண்கள் எத்தனையோ பேரின் பதில் இனி யார் காதிலும் விழாதோ என்று பயப்படுகிறேன். மருந்து நின்றால் உடனே தெரிந்துவிடும். கேள்வி நின்றால் அது நின்றதுகூடத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2001-03இல் லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் 54. காரணம் பல. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108, ரத்த வங்கி எல்லாம் உண்டு. என் கண்ணுக்குப் பெரியதாகப் படுவது இன்னொன்று: ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிவு செய்து, அவள் வீட்டுக்கே போய் விசாரித்தது. எத்தனை மணிக்கு வலி வந்தது, யாரிடம் சொன்னாள், வண்டி எப்போது கிளம்பியது, ரத்தம் எங்கே கிடைக்கவில்லை. மாவட்ட ஆட்சியர் வரை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிள்ளைகளே, நீங்கள் வேலைக்குச் சேரும் முதல் நாள், பிரசவ அறையில் கோடு போட்ட அந்தப் பை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். வரும்வரை நனைந்த துணியையாவது தராசில் வையுங்கள். குழந்தைக்கு எடை எழுதும் அதே தாளில், தாயின் ரத்தத்துக்கும் ஒரு எண் எழுதுங்கள்.