வாய்தா கேட்ட வக்கீல்

நடுவர் அவர்களே, 'அமெரிக்கத் தென்மாநிலங்களின் பிரிவினையில் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் மாட்டிக்கொண்டவரா, தெரிந்தே இறங்கியவரா?' என்ற தலைப்பில் எதிரணி நண்பர் பேசியதைக் கேட்டு எனக்கே லேசாகக் கண் கலங்கிவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய், 14 வயதில் அப்பாவும் போய், 100 பவுண்டைத் தாண்டாத நோஞ்சான் உடம்போடு படித்து, 1834ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வக்கீலானவர். 1848ல் இவர் பேச்சைக் கேட்டு லிங்கனே அழுதார். எல்லாம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 'பிரிவினையை எதிர்த்தவர்' என்றாரே, அங்கேதான் இடிக்கிறது. 1860 நவம்பரில் ஜார்ஜியாவின் அன்றைய தலைநகர் மில்லெட்ஜ்வில்லில் என்ன பேசினார்? லிங்கன் அதிபர் தேர்தலில் ஜெயித்துவிட்டார் என்பதற்காகப் பிரிய வேண்டாம், அரசியலமைப்பை அவர் இன்னும் மீறவில்லை, செனட் அவர் கையில் இல்லை, அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அடிமைமுறை தப்பு என்று ஒரு வார்த்தை? கிடையாது. 30க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமையாக வைத்திருந்தவர் எப்படிச் சொல்வார்! ஐயா, இது எதிர்ப்பு இல்லை, வாய்தா. கேஸ் இன்னும் பலமாகவில்லை, அடுத்த தேதி கொடுங்கள் என்கிறார், அவ்வளவுதான்.

தேதி கிடைக்கவில்லை. 1861 ஜனவரி 19 அன்று ஜார்ஜியா மாநாட்டில் பிரிவினைக்கு எதிராக ஓட்டுப் போட்டார், அப்புறம் அதே தீர்மானத்தில் கையெழுத்தும் போட்டார். சரியாக 21 நாளில், பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர்! மாட்டிக்கொண்டவருக்கு இவ்வளவு சீக்கிரம் நாற்காலியா?

மார்ச் 21, ஜார்ஜியாவின் சவான்னா நகரம். கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லை, அடிமையாக இருப்பதே அவர்களின் இயல்பான நிலை, இதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று மேடையில் முழங்கினார். வடக்கோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்று, பாஸ்டன் கோட்டைச் சிறையில் உட்கார்ந்து டைரி எழுதும்போது, அந்தப் பேச்சைப் பற்றிய நிருபரின் குறிப்பு சரியில்லை என்கிறார். சரி, போகட்டும். அடுத்து அவரே எழுதுகிறார்: அந்தக் குறிப்பை அவசர அவசரமாகத் திருத்திக் கொடுத்ததும் தானேதான் என்று! வாக்குமூலத்தைப் படித்து, திருத்தி, அச்சுக்கு அனுப்பிவிட்டு, பிறகு 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்றால் எந்தக் கோர்ட் ஏற்கும்?

1868ல் வந்த அவர் புத்தகத்தில் போருக்குக் காரணம் மாநில உரிமையாம், அடிமைமுறை இல்லையாம். நடுவர் அவர்களே, 1861ன் ஸ்டீபன்ஸே எங்கள் அணியின் சாட்சி. குறுக்கு விசாரணை செய்ய எதிரணி தயாரா?