ஆசிலேட்டர் ஃப்ரீக்வென்சி ஏன் ஓடுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஆசிலேட்டர்னா ரேடியோ அலையை உண்டாக்குற சர்க்யூட். அதைப் பத்தி காசிமேட்டுலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "7.1 மெகாஹெர்ட்ஸுக்கு பிசி547 டிரான்சிஸ்டர் வெச்சு கால்பிட்ஸ் ஆசிலேட்டர் போட்டேன். காலைல செட் பண்ணா மத்தியானத்துக்குள்ள ரெண்டு கிலோஹெர்ட்ஸ் நகந்துடுது. ஆசிலோஸ்கோப்புல அலையோட தலை தட்டையா தெரியுது. பவர் ஸ்டேஜை (சிக்னலைப் பெருசாக்குற பகுதி) சேத்தா ஃப்ரீக்வென்சி குதிக்குது. வேற டிரான்சிஸ்டர் போட்டா சரியாயிடுமா?"

டிரான்சிஸ்டரையும் மாத்தலாம் தம்பி, ஆனா ஓடுறதுக்குக் காரணம் அது இல்ல. நீங்க அனுப்புன போட்டோவுல டேங்க் சர்க்யூட்ல, அதாவது ஃப்ரீக்வென்சியை முடிவு பண்ற காயில்-கெப்பாசிட்டர் ஜோடில, இருக்கறது சாதா டிஸ்க் செராமிக் கெப்பாசிட்டர். அது பைபாஸுக்குதான் (சப்ளைல வர்ற இரைச்சலை கிரவுண்டுக்குத் தள்ள) லாயக்கு, சூடு ஏற ஏற மதிப்பு மாறிக்கிட்டே போகும். மொதல்ல அதைக் கழட்டுங்க. டேங்க்ல சூட்டுக்கு மதிப்பு பெருசா மாறாத என்பிஓ கெப்பாசிட்டர்தான் போடணும்.

காயிலுக்கு டி50-6 டோராய்டு, அந்த மஞ்சள் கலர் வளையம், 25 சுத்து. இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட 2.5 மைக்ரோஹென்றி வரும். அதுக்கு மொத்தம் 200 பிஎஃப் (பிகோஃபேரட்) கெப்பாசிட்டன்ஸ் வேணும். ஃபீட்பேக்குக்கு (அவுட்புட்ல ஒரு பங்கை திரும்ப இன்புட்டுக்குக் குடுக்க) ரெண்டு 270 பிஎஃப் என்பிஓ சீரிஸ்ல, அது 135. கூட 47 பிஎஃப் பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டர் ஒண்ணு, மிச்சத்துக்கு 22 பிஎஃப் டிரிம்மர் (திருகி மதிப்பை மாத்துற கெப்பாசிட்டர்).

பாலிஸ்டைரீன் எதுக்குன்னா, அந்த வளையத்தோட இண்டக்டன்ஸ் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல 35 பங்கு ஏறும். ஃப்ரீக்வென்சி அதுல பாதி இறங்கும், அதாவது ஒரு டிகிரிக்கு 120 ஹெர்ட்ஸ் மாதிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ மத்தியானம் 10 டிகிரி ஏறுறது சாதாரணம், 1200 ஹெர்ட்ஸ் அங்கயே போச்சு. பாலிஸ்டைரீன் சூட்டுல மதிப்பு குறையும், அதனால ரெண்டும் ஒண்ணையொண்ணு ஈடு கட்டிடும். சால்டர் வைக்கும்போது அந்தக் கெப்பாசிட்டரோட காலை மூக்கு பிளையரால புடிச்சுக்கோங்க. சூடு மேல ஏறினா உள்ள இருக்கற பிலிம் உருகிடும்.

சுத்தி முடிச்ச காயிலை கொதிக்கிற தண்ணில கொஞ்ச நேரம் போட்டு, அதுலயே ஆற விடுங்க. கம்பியோட இறுக்கம் தளரும். நல்லா காஞ்சப்புறம் நெயில் பாலிஷ் பூசுங்க. கடல் பக்கத்துல இருக்கீங்க, உப்புக் காத்துக்கு இது அவசியம்.

தலை தட்டையாகுறது ஃபீட்பேக் அதிகமாகி டிரான்சிஸ்டர் அதுக்கு மேல போக முடியாம சாச்சுரேட் ஆகுறதால. இங்கதான் பிசி547க்கு பதிலா ஜே310 போடுங்க. இது ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர், இதுக்கு கேட், சோர்ஸ், டிரெயின்னு மூணு கால். டேங்க் மேல்முனையிலேர்ந்து கேட்டுக்கு 22 பிஎஃப். கேட்லேர்ந்து கிரவுண்டுக்கு 100 கே (கிலோஓம்) ரெசிஸ்டர், அதோட 1என்4148 டயோடு, கேத்தோடு கிரவுண்டுல. சோர்ஸ் ரெண்டு 270க்கும் நடுவுல, அங்கேர்ந்து கிரவுண்டுக்கு 1 மில்லிஹென்றி சோக் (ஒரு காயில்). அலை பெருசானா டயோடு கேட்டை மைனஸுக்கு இழுத்து கெயினைக் குறைக்கும். சைன் சுத்தமா நிக்கும். டிரெயினுக்கு 78எல்08 (8 வோல்ட் ரெகுலேட்டர்), பக்கத்துலயே 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்.

குதிக்கிறது, ஆசிலேட்டரை பவர் ஸ்டேஜோட பாரத்துலேர்ந்து பிரிச்சு வைக்கிற பஃபர் இல்லாததால. சோர்ஸ்லேர்ந்து 10 பிஎஃப் வழியா மட்டும் எடுத்து, இன்னொரு ஜே310 சோர்ஸ் ஃபாலோயர், அப்புறம் 2என்2222 டிரான்சிஸ்டர், அதுக்கப்புறம்தான் பவர் ஸ்டேஜ். மோர்ஸ் கீயை ஆசிலேட்டர் சப்ளைல போடாதீங்க, ஒவ்வொரு தட்டுக்கும் டோன் வழுக்கும். ஆசிலேட்டரை மட்டும் காப்பர் கிளாட் (செம்பு ஒட்டின பிசிபி) துண்டுகளால பெட்டி கட்டி மூடுங்க. ஃபேன் காத்து படுறதே அம்பது ஹெர்ட்ஸ் ஆட்டிடும்.

ஆன் பண்ணி 15 நிமிஷம் கழிச்சுதான் ஃப்ரீக்வென்சி கவுண்டர்ல அளக்கணும். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் ஆன்டெனா வேண்டாம். 1 கே, 1 வாட் கார்பன் ரெசிஸ்டர் 20 எடுத்து பேரலல்ல கட்டுங்க, ஆன்டெனாவுக்கு பதிலா மாட்ட 50 ஓம் டம்மி லோடு ரெடி. வயர்வவுண்டு வேண்டாம், அதுவே ஒரு காயில்.