பழத்தை வந்தவர்கள்தான் தின்கிறார்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், திருவிழாக் கடைகளை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகச் சிறந்தது பழமும் ஹார்லிக்ஸுமா, பூவும் செடியுமா என்பது தலைப்பு. நான் பூ, செடி அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, நம் கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பச்சைப்பிள்ளைக்கே குழைத்துக் கொடுக்கிற பழம், அதை விட்டுவிட்டுப் பூவா என்று கேட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். சரி. நம் தோவாளையில் பூவில் கட்டுகிற மாணிக்க மாலைக்கும் 2025இல் கிடைத்துவிட்டது. அந்தக் கணக்கு நேராகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நாகர்கோவிலில் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, அதில் உடைக்காத ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையாக, அதன்மேல் ரொட்டி பாக்கெட், கறுத்துப்போன பழச்சீப்பு, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஈ, மாத்திரை வைக்க இடமில்லாமல் நர்சம்மா முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தள்ளி வைப்பார். பார்க்க வந்தவரிடம் நோயாளி, எழுந்து உட்காரவே முடியாத நிலையிலும், "ஒரு பழம் எடுங்க" என்று உபசரிக்க வேண்டும். வந்தவரும் எடுத்துக்கொள்வார். உரித்துத் தின்றுகொண்டே, இதே நோயில் போய்ச் சேர்ந்த நாலு பேர் கதையையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்!

அது போகட்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு உடம்பில் சேருகிற பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். டயாலிசிஸ் செய்கிறவர்களிடம் டாக்டர் குறைக்கச் சொல்வதில் முதலில் நிற்பவை என்ன? வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர். நாம் அன்பாகத் தூக்கிக்கொண்டு போகிற அதே மூன்றும். சர்க்கரை இருக்கிறவருக்கு ஹார்லிக்ஸ் கொடுப்பதைப் பற்றித் தனியாக வேறு பேச வேண்டுமா?

எதிரணி அக்கா, படுத்திருப்பவருக்குப் பூ கொண்டுபோனால் அபசகுனம், பூ என்றாலே சாமிக்கும் சவத்துக்கும்தான் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மாலை வேண்டாம், உதிரிப்பூ வேண்டாம் என்று நானும் சொல்கிறேன். அரளி கூடவே கூடாது, அது விஷம். 2024இல், கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கிற திருவிதாங்கூர் தேவசம் போர்டே நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அதை நிறுத்திவிட்டது. பிச்சிப்பூவும் வேண்டாம். தோவாளைச் சந்தையில் காலையில் மொட்டாக வாங்கியது ராத்திரி விரிந்ததும் அடைத்த அறையில் வாசம் தூக்கும், புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு கிடப்பவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். நம் மாவட்டத்து மலையோரத் தோட்டங்களில் வளர்கிற ஆந்தூரியம் என்ற பூச்செடியைப் பாருங்கள். அவ்வளவாக வாசம் இல்லை, பறித்த பிறகும் தண்ணீரில் ரெண்டு வாரம் நிற்கும். ஐசியூவில் இருப்பவருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்துபோன புற்றுநோய்க்காரருக்கும், உறுப்பு மாற்றியவருக்கும் மட்டும் பூ, செடி எதுவும் கொண்டுபோகாதீர்கள். தொட்டி மண்ணில் பூஞ்சை இருக்கும், பூ வைத்த தண்ணீரில் கிருமி வளரும். அவர்கள் வீட்டுக்கு வந்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு செடியைக் கொடுங்கள்.

செடியைப் பார்த்தால் நோய் போகுமா என்று கிண்டல் செய்தார்கள். நோய் போகும் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அது மரம், உன்னுடையது தொட்டிச்செடி என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பழத்துக்கு இந்த அளவுக்குக்கூடச் சாட்சி கிடையாதே!

பூதப்பாண்டியில் என் அத்தை இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். யார் வந்தாலும், "இப்ப எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி, அவரும் ஆபரேஷன் கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு ஆந்தூரியத் தொட்டியைக் கொண்டுவந்து கால்மாட்டு ஜன்னலில் வைத்தது. புது இலை முதலில் செம்பு நிறத்தில் சுருண்டு வரும், அப்புறம் பையப் பைய விரிந்து பச்சையாகும். அதற்குப் பிறகு யார் போனாலும் அத்தை, "அந்த இலையைப் பாரு, நேத்து இப்படி இல்ல" என்றுதான் ஆரம்பித்தார். ஒரு மனுஷிக்கு நோயைத் தவிர வேறு பேச்சு கிடைத்தது. எந்தச் சீப்புப் பழம் அதைக் கொடுக்கும்?

செடிக்கு யார் வெள்ளம் ஊற்றுவார்கள் என்று அக்கா கேட்டாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் கூட இருப்பவர் ஊற்றுவார். வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், அத்தை முதலில் நடந்தது அந்த ஜன்னலுக்குத்தான். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்காருகிறேன்.